தலைவரின் சட்டைப்பையில் இருந்தது

தமக்கு வேண்டியதைப் பையில் வைத்துக்கொண்டு, பிறருக்கு அது எதற்கு என்று கேட்பவரை நீங்கள் கண்டதில்லையா?

ஓர் இலவச கணினி இயங்குதளத்துக்கு மென்பொருள்களைத் தொகுத்து வழங்குவோரின் தலைவர் வைகுந்தநாதன், ஆண்டுக் கூட்டத்தில், ஸ்டாட்டிக் லைப்ரரிகளை இனி வழங்கமாட்டோம் என்று அறிவித்தார். நிரலுக்குள்ளேயே கலந்து, வேறு துணையின்றி அதை ஓடவைக்கும் ஆயத்த நிரல்துண்டுகள் அவை. ஆற்றங்கரை வெள்ள எச்சரிக்கைக் கருவிக்கு நிரல் எழுதிவந்த செங்கமலம் எழுந்தாள். தனியே இருந்து எல்லா நிரல்களுக்கும் பொதுவாக உதவும் பொது லைப்ரரிகளுக்கு அந்தச் சின்னக் கருவியில் இடமில்லை, மழையோ நெருங்கிவிட்டது.

"சார், எங்களுக்கு அது வேண்டும்."

"இந்தக் காலத்தில் யாரம்மா அதைக் கேட்கிறார்கள்? பொது லைப்ரரியைத் திருத்தினால் எல்லா நிரலும் திருந்தும். உன்னுடையதை யார் திருத்துவது?"

"நானே மறுபடி கட்டி அனுப்புவேன், சார்."

"கருவியை மாற்று, போ!"

"சரி சார். உங்கள் கணினியின் பொது லைப்ரரியே கெட்டுப்போனால்?"

தலைவர் பெருமையோடு சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். "இதிலுள்ள மீட்பு நிரல் எதையும் நம்பி நிற்காது. எல்லாம் அதற்குள்ளேயே!"

"அதை எந்த லைப்ரரியால் கட்டினீர்கள், சார்?"

கூட்டம் சிரித்தது. தலைவர் பென்டிரைவை மீண்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அறிவிப்பை மட்டும் திரும்பப் பெறவில்லை. இது என்ன நியாயம்?

தொகுப்பாளர்களே, நீக்கியதை இன்றே திரும்ப வையுங்கள். உங்கள் அடுத்த கூட்டம் வரை வெள்ளம் காத்திருக்காது.