வாசலில் ஐம்பது ஜோடி

நம்பினால் நம்புங்கள். ஈசாக்கு உபதேசியார் ஓலைக் கொட்டகையில் புதுச்சபை தொடங்கி ஒரு வருஷமாகியும் ஏழே பேர்தான் வந்தார்கள், அதுவும் வெறுங்காலோடு. "ஞாயிற்றுக்கிழமை நான் வரும்போது ஐம்பது பேர் இல்லன்னா சபையை மூடிருவேன்" என்று மேற்பார்வைப் போதகர் ஞானாபரணம் சொல்லியனுப்பினார்.

செருப்புத் தைக்கும் மாசானத்திடம் போய் உபதேசியார் அழாத குறையாகப் புலம்பினார். மாசானம் ஒரு சாக்கு நிறையப் பழஞ்செருப்பைக் கொண்டுவந்து சபை வாசலில் ஜோடி ஜோடியாகப் பரப்பிவிட்டார். கையில் வேதப்புத்தகத்தோடு நின்ற உபதேசியாருக்கு அதைப் பார்க்கவே கூசியது.

ஞானாபரணம் வந்தார். செருப்பை எண்ணினார். ஐம்பது ஜோடி! மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே நுழைந்தால் ஏழு பேர்.

"என்னவே, ஏமாத்துதீரோ? நான் சபை தொடங்குன முதல் மாசமே வாசல்ல அறுபது ஜோடி கிடந்துச்சு, தெரியுமா?"

உபதேசியார் தலையைத் தொங்கப் போட்டார்.

வெளியே நின்ற மாசானம் பணிவாகச் சொன்னார்: "தெரியும் ஐயா. எங்கப்பாதானே அந்தச் செருப்பை உங்களுக்குக் குடுத்தாரு. இதுவும் அதே சாக்குதான். இடையில பத்து ஜோடி அறுந்துபோச்சு."

ஞானாபரணம் பாயில் உட்கார்ந்தார். "சபை நடக்கட்டும்" என்றார்.

ஜெபம் முடிந்து எல்லாரும் ஆமென் சொன்ன பிறகும் உபதேசியாரும் ஞானாபரணமும் மட்டும் கண்ணைத் திறக்கவேயில்லை.