கடைசியாக ஒரு வார்த்தை

ஏசுவடியான் இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ரிட்டயர் ஆன மறுவாரமே திசையன்விளைக்குப் பக்கத்தில் ஒரு ஊழியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டார். பிரசங்கம் சொல்லித்தந்த தபித்தாள் டீச்சருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பிரசங்கக் குறிப்பு, உதாரணக் கதை என்று எது கிடைத்தாலும் எழுதிச் சேர்த்தார். நோட்டு தலையணை கனத்துக்கு வந்துவிட்டது.

அவரிடம் ஒரே ஒரு கோளாறு. "கடைசியாக ஒரு வார்த்தை" என்பார். பிரசங்கம் முடிந்தது என்று பாயில் இருக்கும் பெண்கள் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைப்பார்கள், தூங்கும் பிள்ளையைத் தோளில் போடுவார்கள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் போகும். இன்னொரு "கடைசியாக" வரும். போன மாதம் ஒரு சபையில் ஏழு கடைசி. எண்ணியது வேறு யாருமில்லை, அவர் மனைவிதான்.

இந்த ஞாயிறு ஆனைவிளை சபையில் பேச வேண்டும். போதகர் இல்லாமல் இரண்டு வருஷமாகக் காத்திருக்கிற சபை. ஒரு தடவை பேசவிட்டுக் கேட்ட பிறகுதான், இவரை அழைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அந்தச் சபைமேல் அவருக்கு அவ்வளவு ஆசை. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை வகுப்பில் கேட்டேவிட்டார்.

"டீச்சர், பிரசங்கத்தை எங்க முடிக்கணும்?"

"உங்க பழைய விசில் இருக்கா அண்ணாச்சி?"

சாவிக்கொத்தோடு அதுவும் சட்டைப்பையில்தான் இருந்தது. கழற்றிக் கொடுத்தார். டீச்சர் சமையலறைக்குப் போய், சமையல் செய்யும் பாக்கியமணியக்காவை அழைத்துவந்து முன் பெஞ்சில் உட்காரவைத்தார். விசிலை அவர் கையில் கொடுத்தார்.

"அக்கா, அண்ணாச்சி பேசுவார். உங்க ஸ்டாப் வந்ததும் ஒரு விசில் கொடுங்க."

"எது என் ஸ்டாப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வந்தாத் தெரியும்."

காணாமல் போன ஒரு ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றி ஏசுவடியான் ஆரம்பித்தார். முதல் தலைப்பு முடிவதற்குள் நோட்டில் இல்லாத ஒன்று வாயில் வந்துவிட்டது. ஒரு தடவை சாத்தான்குளம் தாண்டியதும் பஸ்ஸுக்குள் ஒரு தாய் அலறினாள். பிள்ளை ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டது. நிறைந்த வண்டியை அவர் திருப்பச் சொன்னார். நேரமாகிறது என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள். வண்டி திரும்பியது.

"அந்தப் புள்ளையக் கண்டதும், சத்தம் போட்டவங்கதான் முதல்ல கை தட்டுனாங்க" என்றார்.

விசில் அடித்தது.

"என்னக்கா?" என்றார் டீச்சர்.

"எறங்கிட்டேன்." பாக்கியமணியக்காவுக்குக் கண் நிறைந்திருந்தது. "சொல்லாம கல்யாணம் முடிச்சுட்டுப் போன மக தூத்துக்குடியிலதான் இருக்கா. மூணு வருஷமா நான் ஒரு போன் போடல. இப்பப் போட்டுட்டு வாரேன்."

விசிலை மேசையில் வைத்துவிட்டு ஓட்டமாகப் போனார்.

"இன்னும் நாலு பக்கம் இருக்கே டீச்சர். ரெண்டு தலைப்பு தொடவே இல்ல."

"இறங்குனவங்களை மறுபடி ஏத்துவீங்களா அண்ணாச்சி?"

ஏசுவடியான் விசிலை எடுத்துச் சாவிக்கொத்தில் மாட்டினார். சமையலறையில் அழுகையும் சிரிப்பும் மாறி மாறிக் கேட்டன. அன்றைக்குச் சாம்பாரில் இரண்டு தடவை உப்பு விழுந்திருந்தது. ஒருவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரும் ஆனைவிளைக்குப் போயிருந்தார். ஏசுவடியான் நோட்டைவிட ஆட்களைத்தான் அதிகம் பார்த்தார். படியில் நின்று வண்டிக்குள் எட்டிப் பார்த்த அதே பார்வை. இரண்டாம் வரிசையில் ஒரு பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஜன்னலோரம் ஒரு பெண் பக்கத்தில் இருந்த மாமியாரின் கையைப் பிடித்தாள். ஏசுவடியான் நோட்டை மூடி, "ஜெபிப்போம்" என்றார். கண்ணாடிகள் எல்லாம் இன்னும் மூக்கில்தான் இருந்தன.

ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் வந்து நோட்டைப் புரட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பாதி நோட்டு மிச்சம் இருக்கே. இதையெல்லாம் எப்பப் பேசுவீங்க?"

ஏசுவடியான் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சிரித்துவிட்டார்.

"அதை நீங்கதான் சொல்லணும் மூப்பர் ஐயா" என்றார் ஏசுவடியான். "அடுத்த ஞாயிறு இந்த ஊருக்கு வண்டி உண்டா?"