பதினாலாவது பலூன்

"எனக்கு இது வராதும்மா. என்னை விட்டுடுங்க."

துரைக்கண்ணு சவரக் கத்தியை மடக்கிச் செவ்வந்தியின் முன்னால் வைத்தார்.

மலைக்கோயில் அடிவாரத்து மொட்டை மண்டபத்தில் செவ்வந்தி கத்தி பிடித்துப் பத்து வருஷம் ஆகிறது. குருவுக்கு வயசு முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

"என்னாச்சுண்ணே? பலூன்ல தேறிட்டீங்களே!"

சோப்பு நுரை பூசிய பலூனை வெடிக்காமல் வழிக்க வேண்டும். அதுதான் அவள் வைத்த பரீட்சை. பதிமூன்று வெடித்தன. மொட்டை போட வந்த பிள்ளைகள் ஒவ்வொரு வெடிக்கும் கை தட்டின. "பெரியவர் தினமும் வரட்டும்" என்றார் பலூன் கடைக்காரர்.

பதினாலாவது பலூன் பளபளவென்று முழுசாக நின்றது.

அதை நம்பித்தான் நேற்று மகன் கன்னத்தில் கத்தி வைத்தார்.

மகன் தணிகைவேல் லாரி விபத்தில் அடிபட்டு நாலு மாசமாகக் கட்டிலில் கிடக்கிறான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பேச்சையும் விட்டுவிட்டான். வெளியாள் யார் வந்தாலும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். தாடி காடாக மண்டிக் கிடந்தது. அப்பா வழித்தால்தான் உண்டு.

"மூணு இடத்துல கிழிச்சுட்டேன்மா. ரத்தம் கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. அவன் 'ஸ்'னுகூடச் சொல்லல. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்."

"கத்தி வலது கையில இருந்துச்சு. இடது கை?"

"கட்டில் சட்டத்தைப் பிடிச்சிட்டிருந்தேன்."

"பலூன் தானா விறைப்பா நிக்கும்ணே. மனுசத் தோல் நிக்குமா? இன்னொரு கையால இழுத்துப் பிடிக்கணும்னு மொத நாளே சொன்னேனே?"

"சொன்னீங்க."

"அப்புறம்?"

துரைக்கண்ணு இடது உள்ளங்கையை வேட்டியில் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அவன் முகத்தைத் தொட முடியலம்மா. அன்னிக்கு லாரி ஓட்டினது நான்தான்."

செவ்வந்தி அவரை மணையில் உட்கார வைத்தாள். முகத்தில் தண்ணீர் தடவி, நுரை பூசினாள். தன் இடது உள்ளங்கையை அவர் கன்னத்தில் அழுத்தி வைத்தாள். வழித்து முடிக்கும்வரை அந்தக் கை முகத்தை விட்டு நகரவே இல்லை.

நாலு மாசத்தில் முதல் தடவையாக அவருக்கு அழுகை வந்தது.

"அசையாதீங்கண்ணே. மீசை போயிடும்."

பிறகு கத்தியைத் துடைத்து அவர் பையில் போட்டாள்.

"வீட்டுக்குப் போங்க."

சாயங்காலம் துரைக்கண்ணு கட்டில் ஓரம் உட்கார்ந்தார். கத்தியைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

மடியிலிருந்து மகன் கன்னத்துக்கு ஒரு முழம்கூட இருக்காது. அந்த இடது கை போய்ச் சேர வெகு நேரம் பிடித்தது.

தணிகைவேல் கண்ணைத் திறந்தான்.

"இதுக்கு நாலு மாசமாப்பா?"