கொசுறாக வந்த பிள்ளை

ஆற்றங்கரை மருத மரத்துப் பொந்தில் ஒரு இருவாச்சி ஜோடி குடியேறியது. ஆண் பறவையின் பெயர் மூக்காண்டி. பெண் பறவை சிலம்பாயி.

இருவாச்சிகளின் குடித்தனமே ஒரு தினுசு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆண் ஈரமண்ணை அலகில் அள்ளிவந்து கொடுக்கும். பெண் அதை உள்ளிருந்து குழைத்துப் பூசி வாசலையே அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும்தான் மிச்சம். பாம்பு நுழைய முடியாது. குரங்கு கையை விட முடியாது. ஆனால் உள்ளே இருப்பவர்கள் சாப்பிட வேண்டுமானால், வெளியே இருப்பவன் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு.

மூக்காண்டி கேட்டதும் கொடுக்கிற ஆளா என்ன?

இறகு முளைக்குமுன்பே அப்பா அம்மாவை இழந்தவன் அவன். பழமரத்துப் பக்கம் போனால் எல்லாரும் கொத்தி விரட்டினார்கள். அடி வாங்கினான், திருப்பி அடித்தான், கத்தினான், பேரம் பேசினான். அப்படித்தான் ஒரு அத்தி மரத்தில் தனக்கென்று இடம் பிடித்தான். அங்கே மலையணில் செவலையோடு அவன் போட்ட ஒப்பந்தம் காடு முழுக்கப் பிரசித்தம்.

"வெயில் பக்கத்துக் கிளை எனக்கு, நிழல் பக்கம் உனக்கு. உனக்குத்தான்டா லாபம்! பழம் பறிக்கும்போது முதுகு சுடாது பாரு!" என்றான்.

அணில் தலையாட்டிவிட்டது. வெயில் பக்கத்துப் பழம்தான் முதலில் பழுக்கும் என்பது பிறகுதான் அதற்கு உறைத்தது. 

அப்பேர்ப்பட்ட மூக்காண்டி பெண்டாட்டியை மட்டும் விடுவானா? அவள் வாசலில் கடைசி மண்ணைப் பூசும்போதே பேச்சைத் தொடங்கினான்.

"இந்தா சிலம்பு, முதல்லயே பேசிக்குவோம். காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. தொண்டை கொள்ற அளவு பழம். அதுக்கு மேல கேக்கப்படாது."

"சரிய்யா. முட்டை உடையட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் என்ன அப்புறம்! சொன்ன பேச்சு சொன்னதுதான்!"

உள்ளே சிலம்பாயி சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நாளில் முதல் முட்டை உடைந்தது. "க்ரீச்!" என்று ஒரு குரல். மூக்காண்டிக்குத் தலைகால் புரியவில்லை. "பையன்! எனக்குப் பையன் பொறந்திருக்கான்!" என்று ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்து பறந்து கத்தினான். தூங்கிக்கொண்டிருந்த உடும்பை எழுப்பிக்கூடச் சொன்னான்.

திரும்பி வந்தால் கீறலுக்குள்ளிருந்து சிலம்பாயி சொன்னாள்: "சந்தோஷம்தான்யா. இனிமே மத்தியானமும் ஒரு நடை வேணும்."

"அநியாயம்! புளியங்கொட்டை சைஸுல இருக்கான், அவனுக்குத் தனியா ஒரு நடையா?"

"அந்தப் புளியங்கொட்டைக்குப் பாதி உடம்பு வாய்தான்."

ஒரு பகல் முழுக்கப் பேரம் நடந்தது. பையன் விடாமல் கத்தினான். கடைசியில் மூக்காண்டி மத்தியான நடைக்கு ஒத்துக்கொண்டான். தோற்றுவிட்டோமே என்று மனசு உறுத்தினாலும், பையன் அவன் கொடுத்த பழத்தை 'லபக்'கென்று விழுங்கிய சத்தம் கேட்டபோது உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனது.

அடுத்து இரண்டாவது முட்டை உடைந்தது. பெண் குஞ்சு.

"இப்ப இன்னும் ஒரு நடை கூட்டணும்" என்றாள் சிலம்பாயி.

இந்தத் தடவை மூக்காண்டி தயாராக இருந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அதெப்படி? ஒண்ணே ஒண்ணு இருந்தா சில்லறை வியாபாரம். ரெண்டாச்சுன்னா மொத்த வியாபாரம். மொத்தமாப் போனா தலைக்கு இவ்வளவுன்னு குறையணும். அதுதானே உலக நடப்பு!"

"யோவ்! வயிறு மொத்தமாவாய்யா இருக்கு? தனித்தனியா இருக்கு!"

"பேச்சை மாத்தாதே. மூணு நடைதான். பங்கு போட்டுக்கோங்க!"

சிலம்பாயி எவ்வளவோ கத்தினாள். வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பவள் எவ்வளவு கத்தினாலும், வெளியே இருப்பவன் பறந்துபோய்விட்டால் பேரம் முடிந்தது! மூக்காண்டி பறந்துபோய்விட்டான். அத்தி மரத்தில் செவலையிடம் பீற்றிக்கொண்டான்.

"ரெண்டு பிள்ளை! செலவு ஒரு பிள்ளைக்குத்தான்! எப்படி?"

"பிள்ளைங்க ஒத்துக்கிச்சா அண்ணே?" என்று கேட்டது அணில்.

"அதுங்களைக் கேட்டுக்கிட்டா ஒப்பந்தம் போடுவாங்க?"

மூன்றாவது முட்டையை மூக்காண்டி மறந்தே போயிருந்தான். ஒருநாள் மத்தியானம் கீறலில் பழத்தை நீட்டும்போது, உள்ளே புதிதாக ஒரு மெல்லிய குரல்.

"யாரு அது?"

"உன் பொண்ணுதான்யா. சின்னவ. இப்பத்தான் வந்தா."

"மூணாவதா? யாரைக் கேட்டு?"

"அவளைக் கேளு. ஓட்டை உடைச்சிக்கிட்டு அவளாத்தான் வந்தா."

மூக்காண்டி கிளையில் அங்குமிங்கும் நடந்தான். அப்போது அவனுக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. "சரி, விடு! ரெண்டு வாங்கினா கூட ஒண்ணு கொசுறு போடுறதில்லையா? இவ கொசுறு! கொசுறுக்கு எந்த ஊர்ல தனி விலை?" என்று சொல்லிவிட்டுத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிச் சிரித்தான்.

உள்ளே பெரியவனும் நடுப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார்கள். "கொசுறு! கொசுறு!" என்று கத்தினார்கள். சின்னவளும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து கத்தினாள்.

சிலம்பாயி மட்டும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு நடந்தது எதுவும் மூக்காண்டி கண்ணில் படவில்லை. நடுவில்தான் சுவர் இருக்கிறதே! அவன் தொண்டையில் பழத்தை அடைத்துக்கொண்டு வருவான். கீறலில் ஒரு அலகு நீளும். பழத்தைக் கக்குவான். மறுபடி அலகு நீளும், மறுபடி கக்குவான். எந்த அலகு யாருடையது என்று அவன் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு வெயில் பக்கத்துக் கிளையில் பழம் தீர்ந்துகொண்டே வந்தது. முன்பெல்லாம் தொண்டை பிதுங்கப் பிதுங்கக் கொண்டுவந்தவன், இப்போது பாதித் தொண்டையோடு வந்தான். அதையும் ஒப்பந்தப்படி மூன்று நடை என்றே கணக்கு வைத்தான்.

ஒருநாள் காலை. பழத்தை நீட்டியதும் பெரிய அலகு ஒன்று வந்து கவ்வியது. அடுத்த பழத்துக்கும் அதே அலகு. மூன்றாவதற்கும் அதே அலகு. உள்ளே பெரியவன் பேசுவது கேட்டது.

"நடு! உனக்கு இன்னிக்கு ஒண்ணுதான். ரெண்டு வேணும்னா நாளைப் பங்கையும் எனக்கு விட்டுக் கொடுத்துடணும். சம்மதமா?"

மூக்காண்டிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "அப்படியே என் வாய்! பையன் பிழைச்சுக்குவான்!" என்று இறக்கையைத் தட்டினான்.

பெரியவன் தொடர்ந்தான்: "கொசுறுக்குக் கிடையாது. கொசுறுக்குத் தனிப் பங்கு கிடையாதுன்னு அப்பாவே சொல்லியாச்சு."

மூக்காண்டி காத்திருந்தான். இந்த இடத்தில் சின்னவள் கத்த வேண்டும். சண்டை போட வேண்டும். அவன் பிள்ளை அல்லவா!

ஒரு சத்தமும் இல்லை.

"சிலம்பு! சின்னவ எங்கே? ஏன் பேச மாட்டேங்கறா?"

"படுத்திருக்கா. நேத்துலேர்ந்து கத்துறதில்லை." சிலம்பாயியின் குரலே தேய்ந்து போயிருந்தது. "உனக்கு லாபம்தானே."

மூக்காண்டிக்குச் சுருக்கென்றது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் யார் மேலாவது பாய்வதுதான் அவன் வழக்கம். "டேய் பெரியவனே! தங்கச்சி பழத்தைத் தின்னுட்டு அவளையே கொசுறுங்கிறியா? யாருடா கொசுறு?"

"நீங்க வச்ச பேருதானேப்பா!" என்றான் பெரியவன்.



இத்தனை நாளும் மூக்காண்டி அந்தக் கீறலில் அலகைத்தான் வைத்திருக்கிறான். கண்ணை வைத்ததில்லை. இப்போது வைக்கப் பார்த்தான். அலகு இடித்தது. நேராக வைத்தால் அலகு உள்ளே போனது, கண் வெளியே நின்றது. தள்ளி வைத்தால் இரண்டுமே வெளியே நின்றன. "இந்த மூக்கை எதுக்குத்தான் இவ்வளவு நீளமா வளர்த்தேனோ!" என்று தன்னையே திட்டிக்கொண்டான். கடைசியில் கன்னத்தை மரத்தோடு ஒட்டவைத்து, தலையைக் கோணலாக்கி, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தான்.

இருட்டு பழகியதும் தெரிந்தது. பெரியவன் கொழுகொழுவென்று வாசலை அடைத்துக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் நடுப்பிள்ளை. சிலம்பாயி எலும்பும் தோலுமாக இருந்தாள். தன் பங்கை அவள் சாப்பிட்டதாகவே தெரியவில்லை. அவள் இறக்கைக்கு அடியில், மழையில் நனைந்து சுருண்ட இலை மாதிரி ஒன்று கிடந்தது. அது அலகைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

மூக்காண்டி பறந்தான்.

அத்தி மரத்தில் அவன் பக்கத்துக் கிளைகள் துடைத்து வைத்தமாதிரி இருந்தன. நிழல் பக்கத்திலோ இப்போதுதான் பழுத்துச் சிவந்து தொங்கியது. அந்த வட்டாரத்தில் வேறு பழமரம் கிடையாது.

"செவலை! உன் பக்கத்துப் பழம் வேணும்டா!"

அணில் ஒரு பழத்தை மார்போடு அணைத்துக்கொண்டது. "வந்துட்டீங்களா! இப்ப என்ன சொல்லப்போறீங்கண்ணே? நிழல் நகர்ந்து போயிடுச்சு, அதனால என் கிளையும் உங்களுதுன்னா?"

"இல்லடா. என் பக்கம் தீர்ந்துபோச்சு. சின்னப் பிள்ளை பசியில கிடக்கு."

அணிலுக்கு மனசு இளகியது. ஆனால் வருஷக் கணக்கான ஆத்திரம் ஆயிற்றே, சும்மா விடுமா? "அப்படின்னா அடுத்த பருவத்துல வெயில் பக்கம் எனக்கு!"

"சரி."

"முழுசா!"

"சரிடா."

"உச்சிக் கிளையும் சேர்த்து!"

"எடுத்துக்கோ. இப்ப பறிக்கலாமா?"

அணில் வாலைச் சுருட்டிக்கொண்டது. "இருங்க, இருங்க! மூக்காண்டியண்ணன் பேரம் பேசாம 'சரி'ங்கிறாரா? இதுல என்னமோ சூது இருக்கு. எனக்கு உச்சிக் கிளை வேணாம்!"

"சரி."

"வெயில் பக்கத்துல பாதி போதும்!"

"சரி."

"ஐயோ அண்ணே, என்னைத் திட்டுங்க! 'அநியாயம்'னு ஒரு வார்த்தையாவது சொல்லுங்க! எனக்குப் பயமா இருக்கு! ஒண்ணுமே வேணாம், வேணுங்கிறதைப் பறிச்சிக்கிட்டுப் போங்க!"

மூக்காண்டி தன் வாழ்நாளில் ஜெயித்த பெரிய பேரம் அதுதான். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. இருப்பதிலேயே கனிந்த பழமாகப் பார்த்துத் தொண்டை நிறைய அடைத்துக்கொண்டு திரும்பிப் பறந்தான்.

கீறலில் பெரிய அலகு தயாராக நீண்டிருந்தது. திட்டலாம் என்றால் தொண்டை நிறையப் பழம். வாயைத் திறந்தால் கொட்டிவிடும். தன் அலகால் அந்த அலகை ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளினான். மறுபடி நீண்டது. மறுபடி தட்டினான். சிலம்பாயிக்குப் புரிந்துவிட்டது. பெரியவனை ஒதுக்கிவிட்டு, சின்னவளைத் தூக்கி வாசலில் வைத்தாள்.

மூக்காண்டி முதல் பழத்தை நசுக்கிச் சாற்றை மட்டும் அவள் அலகில் விட்டான். பாதி ஓரத்தில் வழிந்தது. மறுபடி விட்டான். தொண்டை லேசாக அசைந்தது. அடுத்த பழத்தைக் கூழாக்கிக் கொடுத்தான். உள்ளே போனது. மூன்றாவதைக் கொடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"க்ரீச்!" என்றாள் சின்னவள். பிறகு கண்ணைத் திறந்து, அவனை ஏற இறங்கப் பார்த்து, "இன்னொண்ணு!" என்றாள்.

"கேளுடி தங்கம்! சத்தமாக் கேளு!" என்றான் மூக்காண்டி.

"அப்ப எனக்கு?" என்று முறைத்தான் பெரியவன்.

"உனக்கும் உண்டுடா. எல்லாருக்கும் உண்டு. பசிக்கிறவங்களுக்குப் பசிக்கிற அளவு."

சிலம்பாயி உள்ளிருந்து பேசினாள். "நீ ஒருத்தனாப் பறந்தா இது ஆகாதுய்யா. உள்ளே உட்கார்ந்ததும் பறக்கிற இறகெல்லாம் உதிர்ந்துபோச்சு, இப்ப புதுசு முளைச்சாச்சு. நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தா நாலு வாய்க்கு நீ ஒருத்தன். நான் வெளிய வந்தா மூணு வாய்க்கு நாம ரெண்டு பேர்."

மூக்காண்டி அசந்துபோனான். இத்தனை வருஷம் கணக்குப் பேசியே பிழைத்தவனுக்கு இந்தக் கணக்கு தோன்றவே இல்லையே!

சிலம்பாயி பசியாறி, உடம்பில் தெம்பு ஏறியதும், சுவரைக் கொத்தி உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இருவரும் ஈரமண் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாசலை உள்ளிருந்து திரும்பப் பூசும் வேலை பெரியவனுக்கும் நடுப்பிள்ளைக்கும் வந்தது.

"இதைப் பூசினா எனக்கு என்ன கிடைக்கும்?" என்றான் பெரியவன்.

"வீடு கிடைக்கும்டா! பூசு!" என்று மூக்காண்டி போட்ட சத்தத்தில் மரமே அதிர்ந்தது.

அன்று முதல் நடைக்குக் கணக்கு இல்லாமல் போனது. காலையில் தொடங்கினால் கண் தெரிகிற வரைக்கும் இருவரும் மாறி மாறிப் பறந்தார்கள். சின்னவளுக்கு யானை மாதிரி பசி, மூக்காண்டி மாதிரி குரல். அவள் கத்தினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

ஒரு சாயங்காலம் மூக்காண்டி கிளையில் பொத்தென்று உட்கார்ந்தான். இறக்கை இரண்டும் தொங்கிப்போயிருந்தன.

"ஏன் சிலம்பு, அடுத்த வருஷம் எத்தனை முட்டை இடுவே?"

சிலம்பாயி உஷாரானாள். "எதுக்குக் கேக்கறே? இப்பவே பேரத்தைத் தொடங்கிட்டியா?"

"இல்லடி. மலைக்கு அந்தப் பக்கம் பழம் குலுங்குற ஒரு இச்சி மரத்தைப் பார்த்தேன். நாலாவது ஒண்ணு வந்தாலும் தாங்கும். இப்பவே போய் இடம் பிடிச்சு வச்சிட்டு வந்துடட்டுமா?"

புதுப் பிள்ளை வரும்போதெல்லாம் அதற்குத் தக்கபடி வீடுதான் விரிந்துகொடுக்க வேண்டும். பழைய கணக்குக்குள் பிள்ளையை அடைக்கப் பார்த்தால் நசுங்குவது பிள்ளைதான்.