இரவல் சிவப்பு

அந்த நாட்டில் நிழல்களுக்கு நிறம் உண்டு. வீரனின் நிழல் சிவப்பு. பொறுமைசாலியின் நிழல் நீலம். இரக்கம் பச்சை, சோம்பல் மண் நிறம், பயம் சாம்பல். யாரும் தன் குணத்தைப் பற்றிப் பெருமை பேச முடியாது. கேட்பவர் உடனே தரையைப் பார்த்துவிடுவார்.

வேங்கையனின் நிழல் சாம்பல். பெயர் வைத்தபோது அவன் அப்பா அவசரப்பட்டுவிட்டார்.

நிறங்களைக் கற்பதற்காக மலைமேல் இருந்த நொச்சியம்மையிடம் வந்தவன் அவன். அன்று காலை குருவின் குடிசை வாசலில் போய் நின்றான். நொச்சியம்மை வெயிலில் பாய் போட்டுப் படுத்திருந்தார்.

"அம்மா, சாம்பலைச் சிவப்பாக்க வழி இருக்கா?"

"என்ன அவசரம்?"

"இன்னிக்குச் சாயங்காலம் வெண்ணி வீட்டுல மாப்பிள்ளை பார்க்கிறாங்க."

"மாப்பிள்ளை யாரு?"

"நான்தாம்மா. அவங்கப்பா ஆதன், சிவப்பு நிழல் இல்லாதவனுக்குப் பொண்ணு இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கார். வெண்ணி இல்லாம நான் என்ன செய்வேன்?"

நொச்சியம்மை பாயின் ஓரத்தைக் காட்டினார். "என் நிழல் என்ன நிறம்?"

வேங்கையன் தயங்கினான். "மண் நிறம்."

"ஊர் என்னை என்ன சொல்லுது?"

"பொறுமையின் சிகரம்னு சொல்லுது."

"யாரையாவது திட்டணும்னா எழுந்திருக்கணுமேப்பா," என்றார் நொச்சியம்மை. மறுபக்கம் திரும்பித் தூங்கிப்போனார்.

இதில் தனக்கு என்ன பதில் இருக்கிறது என்று வேங்கையனுக்குப் புரியவில்லை. எழுப்பிக் கேட்கப் பயமாக இருந்தது. நேராகக் கொற்றனிடம் போனான்.

கொற்றன் அவன் நண்பன். கதவை அடைக்கும் உடம்பு. ரத்தச் சிவப்பில் அகலமான நிழல். அந்த நாட்டில் நிழல் இரவல் புதிதல்ல. சூரியன் இருக்கும் பக்கம் பெரிய நிழல்காரர் ஒருவர் நெருங்கி நின்றுகொண்டால், சின்ன நிழல் அதற்குள் மூழ்கிவிடும்.

"எனக்கு என்ன கிடைக்கும்?" என்றான் கொற்றன்.

"பெண் வீட்டுப் பணியாரம்."

"இப்பவே கிளம்பலாம்."

பெண் வீட்டு முற்றத்தில் வெள்ளை மணல் பரப்பி, மேடு பள்ளம் இல்லாமல் தேய்த்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் முகத்தை அங்கே யாரும் பார்ப்பதில்லை. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து மணலைப் பார்த்தார்கள். மணலில் நீளமாகச் சிவப்பு விழுந்தது.

"ஆள் ஒல்லியா இருந்தாலும் நிழல் நல்ல சிவப்பு," என்றாள் வெண்ணியின் அத்தை.

"கொஞ்சம் நடந்து காட்டட்டும்," என்றார் ஆதன்.

வேங்கையன் நடந்தான். அவன் முதுகை உரசிக்கொண்டு கொற்றனும் நடந்தான்.

"உட்காரட்டும்."

இருவரும் உட்கார்ந்தார்கள்.

"ஒட்டிக்கிட்டே வர்றாரே, இவர் யாரு?"

"நண்பர்," என்றான் வேங்கையன். "பாசம் கொஞ்சம் அதிகம்."

"கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படித்தானா?" என்று அத்தை கேட்டாள்.

ஆதன் குனிந்து மணலை உற்றுப் பார்த்தார். "வீரம் இருக்கு. ஆனா இந்தச் சிவப்புல கோபம் கொஞ்சம் தூக்கலாத் தெரியுதே?"

"யாருக்குய்யா கோபம்?" என்று எழுந்தான் கொற்றன். "யாரைப் பார்த்து என்ன பேச்சு பேசுறீங்க? வெளியே வாங்க, பேசிக்கலாம்!"

எல்லோரும் வெளியேதான் இருந்தார்கள். கொற்றன் சுற்றிலும் பார்த்தான். இன்னும் வெளியே போக இடம் தேடி, ஒரு பணியாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டான். சிவப்பும் அவன் கூடவே போய்விட்டது.

வெள்ளை மணலில் சாம்பல் மட்டும் மிஞ்சியது. மாலை வெயில் அதை இழுத்துக்கொண்டு போய், வெண்ணியின் காலடியில் விட்டது.

"அடுப்புல அள்ளின மாதிரியே இருக்கே," என்றாள் அத்தை.

ஆதன் நிமிர்ந்தார். "பயந்தாங்கொள்ளிக்கு இங்கே பொண்ணு இல்லை. எழுந்து போப்பா."

வேங்கையனும் போய்விடவே விரும்பினான். கால் வரவில்லை.

வெண்ணி முதன்முறையாக மணலை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "இவ்வளவு பயப்படுறவர் எதுக்கு வந்தீங்க?"

"வராம இருக்கப் பயமா இருந்துச்சு," என்றான் வேங்கையன்.

"ஏன்?"

"வேற யாராவது வந்துட்டா?"

வெண்ணி சிரித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் அத்தையின் தோளில் சாய்ந்து சிரித்தாள். பிறகு சொன்னாள், "அப்பா, எனக்கு இவர் போதும்."

வெண்ணியின் நிழல் ஆதனின் நிழலைவிடச் சிவப்பு. ஆதன் வாயைத் திறந்து, ஒரு பணியாரத்தைப் போட்டு மூடிக்கொண்டார்.

விடைபெறும்போது வெண்ணி வேங்கையனிடம் தணிந்த குரலில் சொன்னாள். "முகூர்த்தம் சாயங்காலம்தான். நிழல் நீளமா விழட்டும். ஊரே பார்க்கட்டும். ஒளிச்சு வெச்சீங்கன்னா இந்தப் பக்கமே வராதீங்க."

"சரி," என்றான் வேங்கையன்.

வாசல் படலைத் தாண்டுவதற்குள் ஆதன் பின்னாலேயே வந்து அவன் கையைப் பிடித்தார். "முகூர்த்தம் உச்சிவேளையில். நிழல் காலுக்கடியில போயிடும். என் சொந்தக்காரங்க யாரும் உன் சாம்பலைப் பார்க்கக் கூடாது. என்ன?"

"சரி," என்றான் வேங்கையன்.

மறுநாள் காலை அவன் மலையேறி வந்தபோது நொச்சியம்மை தூங்கிக்கொண்டிருந்தார். விழிக்கும்வரை காத்திருந்தான்.

"என்னப்பா, சிவப்பாச்சா?"

"இல்லைம்மா. சாம்பல்தான்."

"பொண்ணு?"

"சம்மதம் சொல்லிட்டா."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

வேங்கையன் இரண்டு 'சரி'களையும் சொன்னான். நொச்சியம்மை கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"ஆதன்கிட்டப் போய், முடியாது, சாயங்காலம்தான்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"ஐயோ. அவர் மீசையைப் பார்த்தாலே எனக்குப் பேச்சு வராதும்மா."

"அப்போ வெண்ணிகிட்டப் போய், உச்சிவேளைக்கு ஒத்துக்கிட்டேன்னு சொல்லிடு."

வேங்கையன் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். ஆதனின் மீசைக்கு மாறாமல் வாசலில் கிடந்த அவன் நிழலில் சாம்பல் இப்போது இன்னும் அடர்ந்தது.

 பிறகு, "இப்போ நான் என்ன செய்யட்டும்மா?" என்றான்.

நொச்சியம்மை போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"எதுக்கு அதிகப் பயமோ அதைச் செய்யாதே," என்றார். "இன்னொண்ணைச் செய்."