விதானையாரின் இருநூறு படிவங்கள்

ஜனாதிபதித் தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கருத்துக்கணிப்புக்காரர் கந்தவனம் குழம்பிப்போய்த் தன் குருவைத் தேடி வவுனியாவுக்கு வந்தார்.

குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு அறுபத்திரண்டு. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலையை அவருக்குக் கொடுத்துப் பழக்கியவர் சாருமதி ரீச்சர். அதற்கு முன் முப்பது வருடம் கந்தவனம் கிராம அலுவலர்; ஊர்ப்பேச்சில் விதானையார். நிவாரணப் பட்டியலில் யாரைச் சேர்ப்பது, யாரை வெட்டுவது என்று எழுதிக் கொடுத்தவர். ஊருக்கு இன்றைக்கும் அவர் விதானையார்தான்.

இருநூறு படிவங்களையும் மேசையில் வைத்தார்.

“ரீச்சர், என்ர ஊரில இருநூறு வீடு. ஒருத்தரும் மறுக்கேல்லை. நூற்றியெழுபது பேர் இப்ப இருக்கிற ஜனாதிபதிக்குத்தான் எண்டு சொல்லிச்சினம்.”

“நல்லது.”

“எங்க நல்லது? அதே வீடுகளுக்கு நீங்கள் துஷ்யந்தியையும் அனுப்பினனீங்கள். வெளியூர்ப் பிள்ளை. பாதிச் சனம் அவளுக்குப் படலையே திறக்கேல்லை. திறந்த ஆக்களில முக்கால்வாசிப் பேர் மற்ற ஆளுக்கெண்டு சொல்லியிருக்கினம். பின்னேரம் பத்திரிகைக்காரர் கேப்பினம். எதைக் குடுக்கிறது?”

ரீச்சர் படிவங்களைப் புரட்டினார். கையெழுத்து மணிமணியாக இருந்தது. ஒரு கேள்விகூட விடுபடவில்லை. குறை சொல்ல எதுவும் இல்லாததுதான் கந்தவனத்தை இன்னும் குழப்பியது.

“போன இடத்தில உங்களை எப்பிடி வரவேற்றவை?”

கந்தவனத்தின் முகம் மலர்ந்தது.

“அதை ஏன் கேக்கிறியள்! கதிரையைத் துடைச்சுப் போட்டினம். தேத்தண்ணி தந்தினம். நான் கேக்காமலே குடும்ப அட்டையைக் கொண்டுவந்து நீட்டினவை.”

“குடும்ப அட்டையோ? எதுக்கு?”

“பழக்கதோஷம். நிவாரணம் பதியேக்க எனக்குக் காட்டினதுதானே.” சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். “என்ர சனம் எனக்குப் பொய் சொல்லாது, ரீச்சர். சண்டைக்காலத்தில முகாமில அவையோட ஒரே கூடாரத்தில கிடந்தனான்.”

கணிப்புப் பிழைத்தால் பிழைத்துவிட்டுப் போகட்டும். ஊர் தன்னை நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்றுதான் அவருக்குப் பயம்.

ரீச்சர் மேசை லாச்சியை இழுத்து ஒரு வெறும் படிவத்தை எடுத்தார். பேனையைத் திறந்தார்.

“ஐயா, நீங்கள் ஆருக்குப் போடுவியள்?”

“நானோ?”

“நீங்கள்தான்.”

கந்தவனம் கதவைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். யாரோ இலவசமாகக் கொடுத்த நாட்காட்டி அங்கே தொங்கியது. அதில் இப்போதைய ஜனாதிபதி சிரித்துக்கொண்டிருந்தார்.

“இப்ப இருக்கிறவருக்குத்தான்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இதால என்ர வேலைக்கு ஒண்டும் வராதுதானே, ரீச்சர்?” என்று கேட்டார்.

ரீச்சர் பதிலை எழுதினார். பதிலுக்குப் பின்னால் வந்த கேள்வியையும் அப்படியே எழுதினார். அந்தப் படிவத்தை இருநூறுக்கும் மேலே வைத்தார்.

கந்தவனம் அதை எடுத்து, தான் கேட்ட கேள்வியை வாசித்தார். வெளியே ஒரு பிரசார வாகனம் கத்திக்கொண்டு போய் மறைந்தது.

“அப்ப, என்ர சனம் எனக்குப் பொய்யோ சொன்னது?”

“நீங்கள் இப்ப எனக்குப் பொய்யோ சொன்னியள், ஐயா?”