கரடியின் காலில் குடியேறிய தடித்தோலன்

குளத்தங்கரைக் காட்டில் தேனப்பன் என்றொரு கரடி இருந்தது. மரமேறுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கர்வத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கருவேல மரத்தில் ஏறியது. முன்னங்காலில் முள் ஏறியது!

புண் வீங்கியது, பழுத்தது. காலைக் காதருகே வைத்தால் உள்ளே ஒரே சந்தைக் கூச்சல்!

"யாருடா உள்ளே?" என்று உறுமியது கரடி.

"நாங்கதான் அண்ணாச்சி, கிருமிங்க! ரத்தம் சூடா இருக்கு, சதை மெத்துன்னு இருக்கு. இனி இதுதான் எங்க ஊரு!"

கரடி நொண்டிக்கொண்டே கீரியிடம் போனது. கீரிதான் அந்தக் காட்டு வைத்தியச்சி. கைராசிக்காரி. வாய் மட்டும் கொஞ்சம் காரம்.

கீரி ஒரு மூட்டை கசப்பிலையைக் கொடுத்தது. "காலையும் மாலையும் ஒரு கைப்பிடி மெல்லணும். மூட்டை காலியாகுற வரைக்கும் மெல்லணும். இல்லேன்னா காலு போயிடும், ஜாக்கிரதை!"

"வலி நின்னு போச்சுன்னா?"

"நின்னாலும் மெல்லணும்! மருந்து வலிக்கு இல்லே, உள்ளே இருக்கிறவனுக்கு!"

எட்டிக்காய் தோற்றது, அப்படியொரு கசப்பு. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, இலை வேலை செய்தது. கிருமிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. சந்தைக் கூச்சல் முணுமுணுப்பாகத் தேய்ந்தது. வீக்கம் வடிந்தது. கரடி காலை ஊன்றிப் பார்த்தது. வலியே இல்லை!

மூட்டையில் பாதி மிச்சம் இருந்தது. கரடி காலைக் காதில் வைத்தது. ஈனக் குரலில் யாரோ கெஞ்சினார்கள்.

"மகராசா! மிஞ்சினது நாங்க நாலஞ்சு பேருதான். ஓரமா ஒண்டிக்கிறோம். எங்களையும் கொல்லணுமா?"

கெஞ்சியவன் பெயர் தடித்தோலன். பிறவியிலேயே தோல் தடித்த கிருமி. கசப்புச் சாறு அவனுக்குள் இறங்க நாள் பிடிக்கும். விடாமல் மென்றிருந்தால் அவனும் போய்ச் சேர்ந்திருப்பான். கரடிக்கு அது எங்கே தெரியும்? அதற்கு மனசு இளகிவிட்டது. உண்மையைச் சொன்னால், மனசுக்கு முன்னால் நாக்குத்தான் இளகியது.

"நான் என்ன கொடுங்கோலனா? இருந்துட்டுப் போங்கடா!" என்று மிச்ச இலையை மரப்பொந்தில் செருகிவிட்டது.

கீரிக்குச் சேதி எட்டியது. வாலைச் சிலிர்த்துக்கொண்டு வந்து நின்றது.

"ஏன் நிறுத்தினே?"

"நாலஞ்சு பேருதான் மிச்சம், வைத்தியரம்மா. பாவம்!"

"பாவமா! மத்தவங்க எல்லாம் செத்தப்போ இவங்க மட்டும் ஏன் சாகலேன்னு யோசிச்சியா?"

"நல்லவங்களா இருப்பாங்க!"

"அட மண்டு! நல்லவனா இருக்கிறதுக்கும் சாகாம இருக்கிறதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

கரடிக்குக் கோபம் வந்தது. "என் காலு, என் புண்ணு, என் இஷ்டம்! போம்மா!"

தடித்தோலன் சும்மா இருப்பானா? ஊரே காலியாகக் கிடக்கிறது. போட்டிக்கு ஆளில்லை. பிள்ளை பெற்றான், பேரன் எடுத்தான். அத்தனைக்கும் தடித்த தோல்! கரடிக்குக் கால் மறுபடி விண்விண்ணென்று தெறித்தது. பொந்திலிருந்து இரண்டே இலையை எடுத்து மென்றது. வலி அடங்கியது, உடனே நிறுத்தியது. வலித்தால் இரண்டு இலை, அடங்கினால் நிறுத்து. இதுவே வழக்கமாகிப் போனது. ஒவ்வொரு முறையும் இருப்பவர்களில் மெல்லிய தோல்காரன் செத்தான். இன்னும் தடித்தவன் வம்சத்தைப் பெருக்கினான். கரடி தன் காலுக்குள்ளேயே பயில்வான்களைப் பொறுக்கி எடுத்து வளர்த்துக்கொண்டிருந்தது!

எரிச்சல் தாங்காமல் அது காலைக் குளத்தில் ஊறப்போடும். அதே குளத்தில்தான் புள்ளி என்ற மான்குட்டி தண்ணீர் குடிக்க இறங்கும். துள்ளி விழுந்ததில் அதன் முட்டியில் ஒரு சிராய்ப்பு. பயில்வான்களில் சிலர் நீந்திப் போய் அங்கே குடியேறினார்கள்.

முட்டி வீங்கியது. கீரி கசப்பிலை கொடுத்தது. பாவம் அந்தக் குட்டி! முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு வேளை தப்பாமல் மென்றது. வீக்கம் வடியவில்லை. கீரி முட்டியில் காதை வைத்தது. உள்ளே ஒரே கும்மாளம்!

"கசப்பிலையா? கொண்டா, கொண்டா! சோத்துக்குத் தொட்டுக்க ஆகும்!"

கீரி ஓடிப்போய்க் கரடியின் காலில் காதை வைத்தது. அங்கேயும் அதே கும்மாளம்!

"உன் வீட்டு ஆளுங்க அந்தக் குட்டி முட்டியில உக்காந்திருக்காங்க, தேனப்பா! உன் காலு, உன் இஷ்டம். சரி. அது காலு யாரு இஷ்டம்?"

கரடி தரையைப் பார்த்தது. "நீ குடுத்த மருந்துதானே அவங்க தோலைத் தடிக்க வச்சுது?"

"மருந்து யாரையும் தடிக்க வைக்கலே! தடிச்சவன் முன்னாடியே இருந்தான். அவனையும் அது கொல்லுறதுக்குள்ளே நீ கையைப் பிடிச்சு நிறுத்திட்டே!"

இனி ஒரே வழிதான். மலையுச்சிப் பாறை இடுக்கில், எந்தத் தடித்த தோலையும் துளைக்கிற ஓர் அரிய வேர் உண்டு. கீரி மலையெல்லாம் தேடியும் ஒன்றுதான் அகப்பட்டது. அது ஒரு உயிருக்குத்தான் காணும்.

"ஆளுக்குப் பாதி?" என்று கேட்டது கரடி.

"மறுபடியும் பாதியா! இன்னுமா உறைக்கலே?"

மான்குட்டி மூன்று காலில் நின்று நடுங்கியது. கரடி அதையே பார்த்தது. பிறகு வேரைத் தன் கண்ணெதிரிலிருந்து தள்ளி வைத்தது.

"குட்டிக்கே குடு. முழுசாக் குடு."

"அப்போ உன் காலு?"

"நீயே சொல்லு, வைத்தியரம்மா."

"உசிரு மிஞ்சணும்னா மூணு விரலை எடுக்கணும்."

"வலிக்குமா?"

"வலிக்கும்," என்றது கீரி. அன்றைக்கு அது வேறெதுவும் வாதாடவில்லை.

குட்டி வேர் முழுவதையும் தின்று தீர்த்தது, பிழைத்தது. கரடியும் பிழைத்தது. ஆனால் பிடிக்கப் போதிய விரல் இல்லாததால் அதற்குப் பிறகு அது மரமேறவே இல்லை. புற்றடியில் உட்கார்ந்து கறையான் தின்றே காலத்தை ஓட்டியது.

வலி போனதும் மருந்தைப் பாதியில் விடுகிறவன், பகைவரில் எளியவனைக் கொன்று வலியவனை வளர்க்கிறான். அந்த வலியவன் அவன் வீட்டோடு நிற்க மாட்டான்.